ராத்திரி 10.40 மணி மெசேஜ்

திருப்பூரிலிருந்து ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவன உரிமையாளர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 41 வயது. அப்பா தொடங்கிய நிறுவனத்தை ஏழு வருடமாக இவர் நடத்துகிறார். ஃபாக்டரி ஊருக்கு வெளியே, அலுவலகம் தனியாக நகருக்குள். அலுவலகத்தில் 28 பேர், அதில் 9 பேர் மெர்ச்சண்டைசர்கள், அதாவது ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் (பையர்) ஃபாக்டரிக்கும் நடுவே நின்று ஆர்டரைக் கவனிப்பவர்கள். கடந்த 14 மாதத்தில் அவர்களில் 4 பேர் விட்டுப் போய்விட்டார்கள். ஐந்தாவதாக ஒரு பெண் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். "சம்பளம் பத்தவில்லை என்று யாரும் சொல்லவில்லை. 'வீட்டில் சமாளிக்க முடியவில்லை மேடம்' என்கிறார்கள். கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு டூர் கூட்டிப்போனேன். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம். சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு யோகா வகுப்பு வைத்தேன், நாலு பேர்கூட உட்காரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அர்ப்பணிப்பு இல்லையோ என்று அப்பா கேட்கிறார். பையர் ஜெர்மனியில் இருக்கும்போது ராத்திரி வேலையைத் தவிர்க்க முடியுமா?"

அவர் கேட்பவை நான்கு. புதிதாகச் சேருபவர்களிடம் இரண்டு வருடம் விட்டுப் போக மாட்டேன் என்று பாண்டு (ஒப்பந்தம்) எழுதி வாங்கி, அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளலாமா? பிரசவ விடுப்பு முடிந்து வந்த ஒருவர் 5.30க்கே கிளம்புகிறார், மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவருக்கு இந்த வருட இன்கிரிமென்ட்டைக் குறைக்கலாமா? அலுவலக நேரத்துக்குப் பிறகு மெசேஜ் அனுப்பக்கூடாது என்று நம் ஊரில் சட்டம் இருக்கிறதா? கடைசியாக, நல்ல அலுவலகம் என்று பெயரெடுக்க வேறு என்ன செய்ய வேண்டும்?

சகோதரி, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் இணைத்திருந்த குறிப்புதான் எனக்கு எல்லாவற்றையும்விட உதவியது. ஒரு மெர்ச்சண்டைசரின் ஒரு நாளை உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பல முதலாளிகள் இதைச் செய்வதே இல்லை. அதை என் வார்த்தைகளில் கீழே எடுத்துப் போடுகிறேன்.

காலை 9.30க்கு வருகிறார். 1 மணி வரை டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது), பிரிண்டிங் என்று ஒவ்வொரு யூனிட்டையும் போனிலேயே துரத்தல். ஒரு மணி நேரம் சாப்பாடு. 2 மணிக்கு ஜெர்மனி மெயில்களைப் படிக்கிறார். 4 மணிக்குள் லேப் டிப் (சாயமேற்றிய கலர் மாதிரித் துணி), காஸ்டிங் ஷீட் (விலைக் கணக்கு), அளவு கமென்ட் எல்லாம் தயாராகி, கவரில் போட்டு உங்கள் மேஜைமேல் வந்துவிடுகின்றன. நீங்கள் 2 மணிக்கு ஃபாக்டரிக்குப் போனவர் 6.30க்குத்தான் திரும்புகிறீர்கள். அதன்பின் உங்கள் அறை வாசலில் வரிசை. கடைசி ஆள் பேசி முடித்து, மெயில் போட்டு, கிளம்பும்போது 8.45. ராத்திரி 10.40க்கு உங்கள் வாட்ஸ்அப்: "அந்த நேவி ப்ளூ என்னாச்சு?"

4 மணிக்கு முடிந்த வேலை 6.30 வரை உங்கள் மேஜையில் கிடக்கிறது. அந்த இரண்டரை மணி நேரத்தில் அந்தப் பெண் என்ன செய்கிறார் என்று உங்கள் குறிப்பிலும் இல்லை. காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஜெர்மனியைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுவோம்

பையர் வெளிநாட்டில் இருப்பதால் ராத்திரி வேலை என்பது திருப்பூரில் எல்லோரும் நம்புகிற விஷயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெர்மனி கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை 9 மணி என்றால் நமக்குப் பகல் 12.30, அல்லது 1.30. நீங்கள் ராத்திரி 10.40க்குக் கேட்டு, அந்தப் பெண் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு 11 மணிக்கு மெயில் போட்டால், அங்கே இரவு 7.30. ஆபீஸ் பூட்டியிருக்கும். மறுநாள் நமக்குப் பகல் 12.30க்குத்தான் யாராவது திறந்து பார்ப்பார்கள். அதே மெயிலைக் காலை 10 மணிக்குப் போட்டிருந்தாலும் அதே நேரத்தில்தான் படித்திருப்பார்கள்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. 4 மணிக்குத் தயாரான பதில் 4.30க்கே போயிருந்தால் அங்கே பகல் 1 மணி. அன்றைக்கே அப்ரூவல் வரலாம். நீங்கள் கையெழுத்துப் போட்டு 8.30க்குப் போனால் அங்கே மாலை 5, பையர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம். ஒரு நாள் போகிறது. பத்து லேப் டிப்புக்குப் பத்து நாள் போனால், கடைசியில் கப்பலைத் தவறவிட்டு ஏர் போடுகிறீர்கள், அதாவது சரக்கை விமானத்தில் அனுப்புகிறீர்கள். உங்கள் கடிதத்தில் கடந்த வருடம் இரண்டு முறை ஏர் போட்டதாக எழுதியிருந்தீர்கள். காரணம் இதுதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு ஆர்டரின் டிஎன்ஏ சார்ட்டை (டைம் அண்ட் ஆக்‌ஷன், எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை) எடுத்து, உங்கள் மேஜையில் எத்தனை நாள் நின்றது என்று ஒருமுறை பாருங்கள்.

உங்களுக்கு ஒரு சின்ன அமெரிக்கப் பையரும் இருக்கிறார். அங்கே சிக்கல் நிஜம். நியூயார்க்கில் 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அதற்காக ஒன்பது பேரையும் உட்கார வைக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருவர் முறைவைத்துப் பகல் 12க்கு வந்து 9 மணிக்குக் கிளம்பட்டும். பெண்களை 8 மணிக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வீடு வரை வண்டி அனுப்புங்கள். கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு போட்ட ஆணைகூட, பெண்கள் விஷயத்தில் 8 மணியைக் கோடாக வைத்துச் சம்மதம், பாதுகாப்பு என்று நிபந்தனை போட்டிருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

"மெர்ச்சண்டைசர்கள் ஸ்டாஃப், அவர்களுக்கு நேரக் கணக்கு கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். தவறு. உங்கள் அலுவலகம் 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குள் வருகிறது. 2025 நவம்பரில் மத்திய அரசின் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தபோதும் இந்த மாநிலச் சட்டம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக்கூடாது. ஓவர்டைமுக்கு இரண்டு மடங்குச் சம்பளம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்பது சரி. ஆனால் விசிட்டிங் கார்டில் 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று அச்சடித்துவிட்டால் அது நிர்வாகப் பொறுப்பாகிவிடாது. ஒரு லேப் டிப்பைக்கூடத் தானாக ஓகே சொல்ல முடியாமல் உங்கள் வாசலில் நிற்பவரை எந்த அதிகாரி முன்னால் நான் மேனேஜர் என்று வாதாடுவேன்?

உங்கள் குறிப்புப்படி சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு 10 மணி 15 நிமிடம். ஆறு நாளைக்கு 61 மணி 30 நிமிடம். வீட்டில் பார்க்கும் மெசேஜ் இதில் சேரவில்லை. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொன்னது. 5.30க்குக் கிளம்பும் அந்த ஒருவரைத் தவிர, உங்கள் மற்ற எட்டுப் பேருமே அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு 'ஒன்றரை ஷிஃப்ட்' என்றால் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஃபாக்டரியில் டெய்லர் ராத்திரி 8.30 வரை தைத்தால் ஒன்றரை ஷிஃப்ட் என்று எழுதிச் சம்பளம் போடுகிறீர்கள். இரண்டு மடங்கு ரேட் கொடுக்கிறீர்களா என்பது தனிக்கதை, அதை நேரில் பேசுவோம். குறைந்தபட்சம் கணக்கில் வருகிறது. ஏசி அறையில் இருப்பவர் அதே ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு ஒரு ஷிஃப்ட் சம்பளத்தோடு வீட்டுக்குப் போகிறார். வேலை நிலைமையைச் சோதிக்கப் பையரின் ஆடிட்டர் வந்தாலும் ஃபாக்டரி டைம் கார்டைத்தான் புரட்டுவார், மெர்ச்சண்டைசிங் அறையை எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் இது யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் ஓடுகிறது.

விடுப்பு விஷயத்திலும் ஒரு திருத்தம். வருடத்துக்கு மொத்தம் 12 நாள் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டம் மூன்று பன்னிரண்டு சொல்கிறது. ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, அது போக உடம்பு சரியில்லை என்றால் 12, தற்செயல் விடுப்பு 12. இவற்றுக்கு மேல் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் ஐந்து பண்டிகை நாள்களும். வருகைப் பதிவேட்டை உடனே சரிசெய்யச் சொல்லுங்கள்.

சரி, ராத்திரி மெசேஜுக்கு வருவோம். பிரான்ஸில் 2017 முதல் இதற்கென்று சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. இங்கே நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாகத்தான் வந்திருக்கிறது, சட்டமாகவில்லை. அதனால் மெசேஜ் அனுப்பியதற்காக மட்டும் உங்கள்மேல் யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் அதற்குப் பதில் சொல்வதும் வேலைதான் என்று நாளை ஒருவர் ஓவர்டைம் கேட்டால், நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு மெசேஜும் மணி, நிமிடத்தோடு அவர் போனில் இருக்கும். உங்கள் வருகைப் பதிவேட்டைவிட அது சுத்தமான சாட்சி. இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். உங்கள் பையரின் நாட்டில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2011இலேயே ஊழியர்களோடு பேசி, ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் அவர்கள் பிளாக்பெர்ரிக்கு மெயில் போவதை நிறுத்திவைத்தது. நாம்தான் அவர்களுக்காக ராத்திரி முழித்திருக்கிறோம்.

5.30க்குக் கிளம்புகிறவர்

இன்கிரிமென்ட்டில் கை வைக்காதீர்கள். 26 வார விடுப்பு முடித்து வந்திருக்கிறார், குழந்தைக்கு 7 மாதம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்டுவதற்காகத் தினமும் இரண்டு இடைவேளை அவருக்குச் சட்டப்படி உரிமை. வீடு தூரம் என்பதால் நடுவில் போய் வர முடியாமல், அதைச் சேர்த்துத்தான் சீக்கிரம் கிளம்புகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு இதில் சலுகை எங்கே இருக்கிறது? வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்புக்குப் பிறகு இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. காஸ்டிங் ஷீட் போட ஆபீஸ் நாற்காலி தேவையில்லை. தாய்மை காரணமாகச் சம்பளத்தைக் குறைத்தார்கள் என்று அவர் புகார் எழுதினால் உங்கள் பக்கம் நின்று பேச என்னிடம் ஒரு வரிகூட இருக்காது.

முணுமுணுப்பு பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது நியாயமான முணுமுணுப்பு. ஆனால் அதன் குறி நீங்கள். அவர் 5.30க்குப் போகிறார் என்பதல்ல அவர்கள் வருத்தம், தாங்கள் 8.45 வரை இருக்கிறோம் என்பதுதான். எல்லோரும் 6.30க்குக் கிளம்பும் நாளில் ஒருவர் ஒரு மணி நேரம் முன்னால் போவதை யாரும் எண்ண மாட்டார்கள். இன்னொன்று, ஒன்பது பேரில் அவர் ஒருவர்தான் எல்லா டிஎன்ஏ தேதிகளையும் பிடித்திருக்கிறார் என்று ஓர் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதை ஓரத்தில் எழுதியது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

பாண்டு

பாண்டு என்றாலே செல்லாது என்று சிலர் சொல்வார்கள், அதுவும் முழு உண்மையில்லை. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடம் முடியும்முன் போனால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது பெரிய அளவில் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் பொது நிறுவனம், அதற்கு ஆன செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் நிறுவனம் ஒருவருக்குப் பயிற்சி கொடுக்க நிஜமாக எவ்வளவு செலவழித்தது என்று நீங்கள் காட்ட வேண்டிவரும். பழைய மெர்ச்சண்டைசர் பக்கத்தில் பத்து நாள் உட்கார வைத்ததைச் செலவாகக் காட்ட முடியாது.

அசல் சான்றிதழை வைத்துக்கொள்வது வேண்டவே வேண்டாம். கல்லூரிகள் மாணவர்களின் சான்றிதழ்களைப் பிடித்துவைத்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம், அது விற்பனைச் சரக்கு இல்லை, அதன்மேல் யாருக்கும் பிடிப்புரிமை கிடையாது என்று சொல்லியிருக்கிறது. அப்புறம் ஊர்ப் பேச்சு. ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி வைக்கிறார்கள் என்ற செய்தி பேக்கரி டீக்கடை வழியாக ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் போய்விடும். கெட்டிக்காரர்கள் உங்கள் இன்டர்வியூவுக்கே வர மாட்டார்கள். வேறு வழி இல்லாதவர்கள் மட்டும் வருவார்கள்.

என்ன செய்யலாம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முயன்றால் ஃபாக்டரி கலங்கும். முதலில் ஒரு பையரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு வாரம் பாருங்கள், ஜெர்மன் பையரே நல்லது.

காலை 11.30க்கு ஒருமுறை, மாலை 4க்கு ஒருமுறை, தலா முக்கால் மணி நேரம் அப்ரூவலுக்கு ஒதுக்குங்கள். 4 மணிக்கு ஃபாக்டரியில் இருந்தால் காஸ்டிங்கை போனிலேயே பார்த்துச் சொல்லுங்கள். கலர் பார்க்க ஸ்வாட்ச் (மாதிரித் துணித் துண்டு) கையில் வேண்டும், வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பீர்கள், சரிதான். அதற்காகத்தான் அடுத்த யோசனை. ரிப்பீட் ஆர்டரின் கலரை 11 வருடம் அனுபவமுள்ள உங்கள் சீனியர் மெர்ச்சண்டைசரே ஓகே செய்யட்டும். காஸ்டிங்கிலும் ஒரு தொகை வரை அவரே முடிவெடுக்கட்டும். முதல் மாதம் ஒன்றிரண்டு தப்பு நடக்கும். அந்தத் தப்புக்கு ஆள்முன்னால் சத்தம் போட்டீர்களானால் மறுநாள் எல்லாக் கவரும் பழையபடி உங்கள் மேஜைக்கு வந்துவிடும்.

ராத்திரி 8 முதல் காலை 9 வரை வாட்ஸ்அப் குழுவில் பேச்சில்லை என்று எழுதி ஒட்டுங்கள். அவசரம் என்றால் போன் பண்ணுங்கள். எது அவசரம் என்பதையும் எழுதிவிடுங்கள்: தூத்துக்குடியில் கன்டெய்னர் சிக்கிக்கொண்டது, ஒரு லாட் முழுக்கக் கலர் மாறிவிட்டது, இந்த மாதிரி. "என்னாச்சு?" என்று ஆரம்பிக்கும் எதுவும் அவசரமில்லை. அவசரத்துக்கு எழுந்தவருக்கு மறுநாள் அரை நாள் விடுப்பு.

நீங்கள் ஏன் 10.40க்கு அனுப்புகிறீர்கள் என்று நானாக ஊகிக்கவில்லை, கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் மகன் தூங்கிய பிறகுதான் உங்களுக்கே மூச்சுவிட நேரம் கிடைக்கிறது, அப்போது நினைவுக்கு வந்ததை உடனே தட்டிவிடுகிறீர்கள். "பதில் காலையில் சொன்னால் போதும்" என்று சேர்த்தும் எழுதுகிறீர்கள். முதலாளி எழுதினால் அந்த வரியை யாரும் நம்ப மாட்டார்கள். எழுதுங்கள், மறக்காமல் இருக்க வேண்டுமே. ஆனால் மெயிலில் எழுதி, காலை 9.15க்குப் போகும்படி நேரம் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் தலைமாட்டில் ஒரு நோட்டு.

யோகாவை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை 6 மணிக்கு வைத்தால் அதுவும் ஓவர்டைம்தான்.

அப்பா விஷயம் கஷ்டமானது. இன்றும் தினமும் வந்து, வாசலைப் பார்த்த நாற்காலியில் 9 மணி வரை உட்கார்ந்திருக்கிறார், யார் முதலில் கிளம்புகிறார்கள் என்று பார்க்கிறார், "நாங்க எல்லாம் ராப்பகல் பாக்காம உழைச்சுத்தான் இந்த எடத்துக்கு வந்தோம்" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் தன் கடைக்கு உழைத்தார், உழைத்தது தன் கைக்கே வந்தது. இதை நீங்கள் அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, முயற்சியும் வேண்டாம். கரூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு ஜவுளி நிறுவனத்தில் இதே கதை. மகன் வாதாடுவதை விட்டுவிட்டு, சாயங்காலம் 6.45க்கு எல்லா மேஜையையும் சுற்றி வந்து "இன்னும் யாருக்காவது வேலை நிற்கிறதா, எதனால்?" என்று கேட்கும் வேலையை அப்பாவிடம் கொடுத்தார். யார் கிளம்பினார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஏன் கிளம்பவில்லை என்று கேட்க ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் மகனுடைய அறையில்தான் எல்லாம் நிற்கிறது என்று கண்டுபிடித்து அவரையே திட்டினாராம். உங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். முயன்று பார்க்கலாம்.

இதற்குச் செலவு உண்டு. ஒன்பது பேரின் வேலை நிஜமாகவே பதினோரு பேர் வேலையாக இருந்தால், நேரத்தை எப்படி மாற்றிப்போட்டாலும் 8 மணி நேரத்தில் அடங்காது. ஆறு வாரம் கழித்து அது தெரிந்துவிடும். அப்படி இருந்தால் இரண்டு பேர் எடுப்பதைத் தவிர வழியில்லை. அந்தச் சம்பளத்தைப் பார்த்து மலைத்தால், பக்கத்தில் அந்த இரண்டு ஏர் பில்லையும் வைத்துப் பாருங்கள்.

நோட்டீஸ் கொடுத்திருக்கும் பெண்ணைத் தடுக்காதீர்கள். இன்னும் 18 நாள் இருக்கிறது என்கிறீர்கள். ஒரு மத்தியானம், அப்பா இல்லாத நேரம், உட்கார வைத்துக் கேளுங்கள்: 'வேலை எங்கெங்கே நின்றது?' பேசவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். அனுபவச் சான்றிதழையும் பாக்கிச் சம்பளத்தையும் கடைசி நாளன்றே கையில் கொடுத்துவிடுங்கள். யாருடைய அசல் சான்றிதழாவது ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருந்தால், இந்த பதிலைப் படித்த மறுநாளே எடுத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.